நின்னா போதும்ண்ணா

போன மாதம் ஒரு பையன் ஷெட்டுக்கு வந்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியை நிறுத்திப் படம் எடுக்கிறார்களே, அந்தத் தொழில். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது ஒரு பிரீமியர் பத்மினி. "பொண்ணும் மாப்ளயும் சாஞ்சு நிக்கறதுக்குண்ணா. பெயின்ட் பளபளன்னு இருக்கணும்." இன்ஜின் என்ன நிலைமை என்று கேட்டேன். "ஓட வேணாம்ண்ணா. நின்னா போதும்."

ஐம்பது வருஷத்துக்கு மேல் வண்டிகளை ஓட வைத்தே சாப்பிட்டவன் நான். சித்திரையோடு ஷெட்டை மூடுவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கே ஷட்டரை இறக்கியிருப்பேன். பெயின்ட் வேலையைப் பக்கத்துக் கடைக்குத் தள்ளிவிட்டு, யாரும் கேட்காமலே பானெட்டைத் திறந்தேன்.

பழைய கார் என்றாலே இப்போது எல்லோரும் குரோம் பட்டையையும் உருண்டை விளக்கையும் பேசுகிறார்கள். அதெல்லாம் துணியால் துடைத்தால் வந்துவிடும். கை கியரைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கோலிலிருந்து கியர்பாக்ஸ் வரை எத்தனை மூட்டு, எத்தனை புஷ்! ஒரு புஷ் தேய்ந்தால் செலக்டர் இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றுவிடும். அப்புறம் முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. நடு ரோட்டில் பானெட்டைத் தூக்கி, கோலைக் கையால் அசைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். ஃபியட்டானாலும் அம்பாசிடரானாலும் இதே கதைதான். பத்மினி என்று 1974இல் பேர் மாற்றினாலும் சேலத்தில் நாங்கள் கடைசிவரை ஃபியட் என்றுதான் சொன்னோம்.

அந்த வருஷம்தான் நான் அஸ்தம்பட்டியில் மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வயது பதினாலு. முதல் ஒரு வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் டீ வாங்கி வருவதும்தான். லிங்க் வேலைக்கு மட்டும் பக்கத்தில் உட்கார வைப்பார். கோல்களைக் கழற்றி, பாக்ஸை நியூட்ரலில் நிறுத்தி, கோலின் நீளத்தை அரை அரைச் சுற்றாகத் திருப்பிச் சரிபார்ப்பார். மூட்டில் மாட்டும் பின், தன் எடையிலேயே ஓட்டைக்குள் விழ வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நான் சுத்தியலை எடுத்தேன். "தட்டி ஏத்தறவன் தச்சன்டா, மெக்கானிக் இல்ல" என்றார். தச்சர்கள் மன்னிக்க வேண்டும். அன்று மத்தியானம் முழுக்க அந்த ஒரே பின்னை நாற்பது தடவை போட்டுக் கழற்றினேன்.

அதைவிடப் பெரிய தண்டனை டபுள் கிளட்ச். இந்த வண்டிகளில் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. ஏற்காட்டு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பாரம் ஏற்றிய வண்டி ரெண்டில் திணறும்போது, உருண்டுகொண்டிருக்கும் வண்டியை ஒன்றுக்கு இறக்க வேண்டும். கிளட்ச், நியூட்ரல், விடு, ஒரு மிதி, மறுபடி கிளட்ச், உள்ளே. சரியாக மிதித்தால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போகும். தப்பினால் அந்த நரநர சத்தம் மலை முழுக்கக் கேட்கும். மேஸ்திரி வளைவில் இறங்கி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடி குடிப்பார். நான் கீழேயிருந்து ஏறி வர வேண்டும். சத்தம் வந்தால் திரும்பியே பார்க்காமல் கையை மட்டும் தூக்குவார். மறுபடி கீழே. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையைப் பார்த்தே கழிந்தது.

ட்ரையல் பார்க்கும் ரோடும் அந்த ஏற்காடு அடிவார ரோடுதான். கொஞ்ச காலம் என் ட்ரையல் மட்டும் எதிர்த்திசையில், குகைப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசல் வழியாகப் போனது. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு. மேஸ்திரி மீட்டரில் கிலோமீட்டரைப் பார்த்தே பிடித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைக் கூலியில் பெட்ரோலுக்கு மட்டும் பிடித்துக்கொண்டார்.

1982இல் அந்த இன்ஸ்டிடியூட் பெண்ணோடே எனக்கு நிச்சயமானது. மேஸ்திரியே ஒரு ஃபியட்டை இரவல் வாங்கிக் கொடுத்து ஏற்காடு போய்வரச் சொன்னார். தனியாக எங்கே விடுவார்கள்? பின்னால் அவள் அம்மாவும் அத்தையும். முன் சீட்டு ஒரே நீளப் பலகை. கியரும் ஹேண்ட் பிரேக்கும் நடுவில் கிடையாது. அதனால் நடுவில் பத்து வயது மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். அவள் அந்தக் கோடியில், முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி முகத்துக்குக் காற்று வைத்துக்கொண்டு. பதினொன்றாவது வளைவில் சத்தமில்லாமல் ஒன்று போட்டேன். அவளுக்கு என்ன தெரியும் அதைப் பற்றி! தெரிந்த ஒரே ஆள் அடிவாரத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. ஏர்லாக். ஃபியூயல் பம்ப் இன்ஜின் சூட்டில் கொதித்து, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது. ஈரத்துணி போட்டால் பத்து நிமிஷத்தில் சரியாகும். துணி தேடினேன். அவள் கைக்குட்டையை நனைத்து நீட்டினாள். அதுதான் நாங்கள் தனியாகப் பேசிய பத்து நிமிஷம், தூக்கிய பானெட்டுக்குப் பின்னால். என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம்.

அடுத்த வருஷ டிசம்பரில் மாருதி வந்தது. நல்ல வண்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவரை புருஷன் பெண்டாட்டி நடுவில் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் கியர் வந்து உட்கார்ந்துகொண்டது. 2000 வாக்கில் கார்புரேட்டரும் போனது. இப்போது பையன்கள் ஸ்கேனரைச் சொருகி, அது காட்டும் நம்பரைப் படித்து, அந்தப் பாகத்தையே மாற்றிவிடுகிறார்கள். பழுது பார்ப்பது என்ற பேச்சே இல்லை. பாயிண்டுக்குப் பதினைந்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, இடைவெளி வைக்கச் சொன்னால் என் ஷெட்டுப் பையனே முழிக்கிறான். அதை அளக்கும் ஃபீலர் கேஜை ஏதோ சாவிக்கொத்து என்று நினைத்திருக்கிறான். 2023இல் பம்பாயில் கடைசி பத்மினி டாக்ஸி ஓய்வு பெற்றபோது பேப்பர்காரர்கள் என்ன கண்ணீர் விட்டார்கள்! அதை இருபது வருஷம் ஓட வைத்தவன் யார் என்று ஒருத்தன் எழுதினானா?

சரி, அந்த வண்டிக்கு வருகிறேன். லேத்தில் பித்தளை புஷ் கடைந்து வாங்கினேன். பின் தானாக விழுந்தது. பாயிண்ட், கண்டன்சர், கார்புரேட்டர் சர்வீஸ் எல்லாம் என் செலவு. மூன்றாம் நாள் செல்ஃப் அடித்தேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ட்ரையல் என்று ஷெட்டில் சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு ஓட்டினேன்.

"இந்த வயசுல என்னங்க ட்ரையல்?" என்றாள். ஆனாலும் ஏறினாள். மச்சானுக்கு இப்போது பேரன் இருக்கிறான், நடுவில் யாரும் இல்லை. இருந்தும் பழக்கதோஷத்தில் அந்தக் கோடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். கோரிமேடு தாண்டி மலை ஏறினோம். வளைவில் ரெண்டிலிருந்து ஒன்று. சத்தமே இல்லை. ரோட்டோரம் யாரும் கையைத் தூக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் முக்கோணக் கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

"மூணு நாளா பாத்தீங்களே, இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடத் தோணலையா?"