பழைய வண்டிக்குப் புதிய இயந்திரம்

முதுமை மனிதரை மாத்திரம் பீடிப்பதன்று. மோட்டார் வண்டிகளையும் அது விட்டுவைப்பதில்லை. ஆயினும் மனிதருக்கு அரிதாகக் கிட்டும் ஒரு சலுகை வண்டிக்கு எளிதிற் கிட்டுகிறது. உடல் உறுதியாயிருந்து இருதயம் மட்டும் தளர்ந்துவிட்டால், அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திக் கொள்ளலாம். சொல்வதற்கு இஃது எளிது. செய்யப் புகுந்தாலன்றோ, இருதயத்தை மாற்றுவோர் குருதிக் குழாய்களையும் மூளையையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது விளங்கும்!

பொத்துவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் வாப்பாவின் மொறிஸ் மைனர் நிற்கிறது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இவ்வண்டி, 1948ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. நமது நாட்டில் ஆசிரியர்களும் வைத்தியர்களும் எழுதுவினைஞர்களும் அதைக் குடும்பத்தில் ஒருவராகவே பேணினர். வாப்பா மறைந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன. அவருடைய வண்டி மட்டும் கடற்காற்றைக் குடித்துக்கொண்டு இன்னும் காலூன்றி நிற்கிறது.

அதன் இயந்திரமோ களைத்துவிட்டது. எண்ணெயைக் குடிக்கிறது; புகையைக் கக்குகிறது. முன்னாளிற் பெற்றோலிலே கலந்திருந்த ஈயம், பழைய இயந்திரங்களின் வால்வு இருக்கைகளைத் தேயாமற் காத்துவந்தது. உடல்நலத்துக்குக் கேடென்று இலங்கையில் 2002ஆம் ஆண்டில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. அது மக்களுக்கு நன்மை. மைனருக்கோ மருந்து நின்றுபோன கதை. பிறகு 2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சம் வந்தது. கார் ஒன்றுக்கு வாரத்துக்கு இருபது லீற்றர் என்று பங்கிட்டுக் கொடுத்த அந்நாட்களில், ஒவ்வொரு துளியின் அருமையையும் நாங்கள் உணர்ந்துகொண்டோம்.

உம்மாவுக்குக் கண்ணிலே நோய். மாதந்தோறும் கல்முனைக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். வழி 60 கிலோமீற்றருக்கு மேல். கோமாரியைக் கடந்தால் ஒரு புறம் கடல், மறு புறம் பற்றைக்காடு. திருக்கோவிலை அணுகும் வரை ஆள்நடமாட்டம் குறைவு. பேருந்து உண்டாயினும், அந்த நெரிசலில் நின்று பயணஞ் செய்ய உம்மாவால் இயலாது. ஆகவே இயந்திர மாற்றம் எங்களுக்குப் பொழுதுபோக்கன்று, தேவை.

டீசல் இயந்திரம் வைக்கலாமே என்றனர் சிலர். அதன் பாரமும் அதிர்வும் மைனரின் மெல்லிய முன்னுடலுக்கு ஒவ்வா. முடிவில் என் தம்பியும் நானும் தேர்ந்தது, சுசுக்கி ஜிம்னி வண்டிகளில் வந்த 1.3 லீற்றர் பெற்றோல் இயந்திரம். அது வண்டியின் நீளவாக்கிலே அமர்வது. பின்சக்கரத்தால் ஓடும் மைனருக்கு இசைவானது. ஆனால் அதிலே காபரேற்றர் இல்லை. எரிபொருளை மின்னணுக் கருவி ஒன்று அளந்து பீச்சுகிறது. எங்கள் திட்டத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறந்தது.

முதலில் எரிபொருளைப் பார்ப்போம். மைனரின் பழைய பம்பி இயந்திர அறையிலே இருந்துகொண்டு பின்னாலுள்ள தாங்கியிலிருந்து பெற்றோலை உறிஞ்சி எடுக்கும். அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் மாத்திரமே. புதிய இயந்திரத்துக்கோ 40 இறாத்தலை ஒட்டிய அழுத்தம் வேண்டும். அத்தகைய பம்பி தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் வலுவற்றது. எனவே அது தாங்கியின் அருகிலேயே, அதனினும் தாழ்வான இடத்திலே அமர வேண்டும். இயந்திரம் பயன்படுத்தியது போக மிஞ்சும் பெற்றோல் தாங்கிக்குத் திரும்ப வேண்டும். அதற்கொரு தனிக்குழாய் தேவை. மைனரில் அப்படியொரு குழாயே கிடையாது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. மைனரின் தாங்கி தட்டையானது. வளைவிலே வண்டி திரும்பும்போது பெற்றோல் ஒருபுறம் ஒதுங்கிவிடும். காபரேற்றரில் ஒரு சிறு கிண்ணம் இருப்பதால், அந்தக் கணநேரப் பசியை அது தாங்கிக்கொள்ளும். பீச்சு முறை இயந்திரமோ ஒரு நொடியும் பொறாது. உடனே திக்கித் தடுமாறும். ஆதலால் தாங்கிக்கும் பெரிய பம்பிக்கும் இடையிலே ஒரு சிறு குடுவை வைத்து, பழைய பம்பியைப் போன்ற மெல்லிய பம்பி ஒன்றினால் அதை எப்போதும் நிரப்பி வைப்பதென்று தீர்மானித்தோம். சாதாரண இறப்பர்க் குழாய் அந்த உயர் அழுத்தத்தில் வெடித்துத் தீப்பற்ற இடமுண்டு. அதற்கென்றே செய்த குழாயும் இறுக்கிகளும் வாங்குவதிற் சிக்கனம் பார்க்கலாகாது.

அடுத்தது மூளை. உள்ளங்கையிலும் சற்றே பெரியதொரு தகரப் பெட்டி அது. இயந்திரம் எந்த நிலையிற் சுழல்கிறது, எவ்வளவு காற்றை இழுக்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்பவற்றையெல்லாம் உணரிகள் அதற்கு அறிவிக்கின்றன. புகைக்குழாயிலுள்ள ஓர் உணரி, எரிந்தபின் எஞ்சிய ஒட்சிசனை அளந்து சொல்கிறது. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது நிறைவான எரிதலுக்குரிய கணக்கு. அதைச் சுற்றியே பெட்டி தன் அளவைத் திருத்திக்கொண்டிருக்கும். இவ்வித்தை நேற்று வந்ததன்று. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1967ஆம் ஆண்டிலேயே மின்னணுப் பீச்சு முறையை வொக்ஸ்வாகன் வண்டியில் ஏற்றிவிட்டது. மைனர் உற்பத்தியான காலத்திலேயே அதனை ஓய்வுபெறச் செய்யும் அறிவும் பிறந்துவிட்டது!

இயந்திரம் வாங்குவோர் அதன் மூளையையும் வயர்க்கட்டு முழுவதையும் உணரிகளையும் ஒரே வண்டியிலிருந்தே வாங்குதல் வேண்டும். திருட்டைத் தடுக்கச் சாவியையும் மூளையையும் பிணைத்து வைத்த வண்டியாயின், அந்தச் சாவியும் கூடவே வர வேண்டும். இல்லாவிடில் இயந்திரம் உயிர்பெறாது. மூளையை வைக்குமிடம் வெப்பமும் உப்புக்காற்றும் தீண்டாத, பயணிகள் அமரும் பகுதியாயிருத்தல் நலம்.

மின்சாரத்திலும் ஒரு பொறி காத்திருக்கிறது. எங்கள் மைனரில் பெற்றறியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது. இக்கால வண்டிகளில் எதிர்முனையே உடலோடு இணையும். இதை மாற்றாமற் புதிய மூளைக்கு மின்சாரம் கொடுத்தால் அக்கணமே அது மாண்டுவிடும். பழைய டைனமோவின் வலுவும் போதாது, ஆல்டர்னேற்றர் வேண்டும். இயந்திரம் நின்றவுடன் பம்பிக்குச் செல்லும் மின்சாரமும் தானே அறுந்துவிட வேண்டும். விபத்து நேர்ந்தால் உயிர் காப்பது அந்தச் சிறு ஏற்பாடுதான்.

இவற்றையெல்லாம் ஓர் அப்பியாசப் புத்தகத்தில் வரைபடத்தோடு எழுதி முடித்து, உம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். பொறுமையோடு கேட்டிருந்த உம்மா ஒரேயொரு கேள்வி கேட்டார். "மகன், வாப்பாட காலத்தில வண்டி நின்றா, ஒரு திருப்புளியோட இறங்கி அவரே சரி பண்ணிப் போடுவார். நடுக்காட்டில இந்தப் பெட்டி வாயை மூடிக்கொண்டா ஆரிடம் போய்க் கேட்கிறது?"

நாங்கள் வாயடைத்துப் போனோம். குழாயையும் வயரையும் எண்ணிய எங்கள் திட்டத்தில் அக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. பெற்றோலைச் சேமித்து என்ன பயன், கண்ணுக்கு மருந்திட்டுத் திரும்பும் மூதாட்டி இருட்டில் தெருவோரம் காத்திருக்க நேருமாயின்?

விடையை அக்கரைப்பற்றிலுள்ள கராஜ் காக்கா ஒருவர் தந்தார். "தம்பி, புதுசிலும் புதுசு தேடாதீங்க. கணினி கொண்டுவந்து கேட்டாத்தான் பேசுற மூளை ஒரு வகை. விளக்காலே பேசுற மூளை இன்னொரு வகை. உங்களுக்கு ரெண்டாவதுதான் தோது" என்றார். அவர் சொன்னது மெய். முந்திய தலைமுறை யப்பானிய இயந்திரங்கள் பலவற்றில், சோதனை முனைகள் இரண்டையும் ஒரு சிறு வயரால் இணைத்தால், முகப்பிலுள்ள எச்சரிக்கை விளக்கு மின்னத் தொடங்கும். மின்னும் எண்ணிக்கையே நோயின் இலக்கம். இன்ன இலக்கமாயின் இன்ன உணரி பழுது என்று ஓர் அட்டவணை சொல்லிவிடும்.

எங்கள் திட்டம் அன்றே திருந்திற்று. அத்தகைய மூளையுடைய இயந்திரத்தையே வாங்குவது. அந்த விளக்கை உம்மாவின் கண்ணுக்கும் தெரியுமாறு முகப்பிற் பொருத்துவது. இலக்க அட்டவணையைத் தமிழில் எழுதி வண்டியிலேயே வைப்பது. மேலதிகமாக ஒரு பம்பி, உருகிகள், முக்கியமான உணரி ஆகியவற்றைப் பெட்டியில் அடைத்துப் பின்னால் வைப்பது. இயந்திரத்தின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிந்து, காப்புறுதியாளருக்கும் அறிவித்த பின்னரே வண்டியைத் தெருவுக்கு எடுப்பது என்பதையும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தோம்.

பழைய பொருளைப் புதுப்பிக்கப் புகும் அன்பர்கள் வலுவையும் வேகத்தையும் முதலில் எண்ணுவது இயல்பு. அது எத்தனை குதிரைவலு என்று கேட்பதற்கு முன்னர், பழுதுபட்டால் நம்மோடு பேசுமா என்று கேட்டுக்கொள்ளுதல் நன்று. நம் கைக்கு எட்டாத அறிவு எத்துணை உயர்ந்ததாயினும், காட்டுவழியில் அது நமக்குத் துணையாகாது. எங்கள் வீட்டில் அதை எடுத்துச் சொன்னவர், மோட்டார் வண்டியின் மூடியை ஒருநாளும் திறந்து பார்த்தறியாத உம்மாவே.