பார்த்துவிட்டுப் படிக்கலாமே!

பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளையிடம் இன்ஜினியரிங்கில் என்னென்ன பிரிவு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர், இ.சி.இ., மெக்கானிக்கல், சிவில் என்று கடகடவென ஒப்பிக்கும். படித்து முடித்தவர் காலையில் வேலைக்குப் போய் என்ன செய்வார் என்று கேட்டால் விழிக்கும். பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. யாரும் காட்டியதில்லை.

தமிழ்நாட்டில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிட்டுப் பொறியியல் தரவரிசை போடுகிறார்கள். கல்லூரியையும் பாடப்பிரிவையும் 2018 முதல் இணையத்திலேயே வரிசைப்படுத்தலாம். நான்கு வருடப் படிப்பும் வங்கிக் கடனும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஆனால் அதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பக்கத்து வீட்டு அண்ணனின் வாய்வார்த்தை!

பள்ளிப் பிள்ளைகளை இரண்டொரு நாள் தொழிற்சாலைக்கே அழைத்துப் போகும் பயிற்சிப் பட்டறைகள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன.

கோவையில் ஒரு பிளஸ் ஒன் மாணவி அப்படிப் போனாள். பம்ப் செய்யும் தொழிற்சாலை. அவள் அப்பா வேறொரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். மகள் கையில் கிரீஸ் படக்கூடாது, ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

முதல் நாள் முழுக்கத் திரையில் படம் காட்டினார்கள். பாதிப் பேருக்குத் தூக்கம் வந்தது. மறுநாள் வார்ப்படப் பிரிவு. ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸில் உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றுவதைத் தள்ளி நின்று பார்த்தார்கள். ஃபோர்மேன் மரத்தில் செய்த பேட்டர்னையும் வார்த்தெடுத்த இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்த மரம் கொஞ்சம் பெருசா இருக்குதே, ஏன் கண்ணு?"

"அளவு தப்பாயிடுச்சுங்களா?"

"தப்பில்ல. இரும்பு ஆறுனா சுருங்கும். அதுக்குச் சேர்த்துத்தான் செய்யோணும்."

நூறு மில்லிமீட்டருக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும் என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்ததுதான். அந்த ஒரு மில்லிமீட்டரை மறந்தால் வார்ப்பு முழுதும் திரும்ப உலைக்குப் போகும் என்பது புத்தகத்தில் இல்லை.

எட்டாம் வகுப்பிலிருந்து மெக்கானிக்கல் என்றே சொல்லி வந்த அவள் வகுப்புத் தோழன், திரும்பும் பேருந்தில் "இந்தச் சூடும் சத்தமும் நமக்கு ஆகாதுப்பா" என்றான். அதுவும் லாபம்தான். மூன்றாம் வருடம் கல்லூரியில் தெரிய வேண்டியது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் சிரித்தார். "சுருங்கறதுக்கு மட்டுமில்ல சாமி, நாங்க லேத்துல கடைஞ்சு எடுக்கறதுக்கும் சேர்த்து வெப்பாங்க." அன்றைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் தன் வேலையைப் பற்றிப் பேசினார். அதுவரை வீட்டில் அவர் அதைப் பேசியதே இல்லை.

அவர் ஆசை மாறவில்லை. அவளும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் எந்தப் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "அதுல நாள் முழுக்க என்ன வேலை செய்வாங்க?" என்று கேட்கிறாள். எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதை மார்க் சொல்லிவிடும். இந்தக் கேள்விக்கு மட்டும் நேரில் போய்ப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.