கெட்ட ஆட்டத்தின் மிச்ச வேலை

கோல்ஃபில் மோசமாக ஆடியவனுக்கு யாரும் அனுதாபப்பட மாட்டார்கள். படவேண்டிய அவசியமும் இல்லை. விடியற்காலையில் காரில் போய் இறங்கி, பை தூக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு, வெட்டிவிட்ட புல்லில் நடந்து, பந்து நேராகப் போகவில்லையே என்று வருத்தப்படுகிறவனைப் பார்த்து ஊர் சிரித்தால் அது நியாயம்தான். ஆனாலும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு சென்னையில் கிண்டியிலும் நந்தனத்திலுமாக இந்த ஆட்டத்தோடு மல்லுக்கட்டி வருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கெட்ட நாளை என்ன செய்யப் போகிறாய் என்று இவ்வளவு நேரடியாக முகத்தைப் பார்த்துக் கேட்கிற ஆட்டம் வேறு இல்லை.

கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்துவிட்டால் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெவிலியனுக்கு நடந்துவிடலாம். அங்கே நிழல் உண்டு, மோர் உண்டு. கோல்ஃபில் அவுட் கிடையாது. முதல் குழியிலேயே எட்டு அடித்துத் தொலைத்தாலும் மிச்சம் பதினேழு குழி அப்படியே காத்திருக்கும். நாலு மணி நேரம் அந்தக் கேவலத்தோடு வெயிலில் நடக்க வேண்டும். போதாததற்கு, உங்கள் கணக்கை அட்டையில் எழுதுவது கூட ஆடுகிறவர். “எத்தனை?” என்று மரியாதையாகத்தான் கேட்பார். “எட்டு” என்று உங்கள் வாயால் நீங்களே சொல்ல வேண்டும்.

இதில் ஆகக் கொடுமையான இடம் பங்கர் என்கிற மணல் குழி. பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலை வெட்டினால், மணலோடு சேர்ந்து பந்து எழும்பி வெளியே விழும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மனசு ஏற்கெனவே கலங்கிப்போனவன் பந்தின் தலையில் அடிப்பான். அது எதிரே உள்ள கரையில் மோதித் திரும்பிக் காலடிக்கே வந்து நிற்கும். மறுபடி அடிப்பான். இந்த முறை மணல் மட்டும் பறக்கும். “அவசரப்படாதீங்க சார்” என்று பை தூக்கி வரும் தம்பி சொல்லும்போது அவன் குரலில் இருக்கும் பரிவுதான் எல்லாவற்றையும்விட வலிக்கும்.

ஒருவழியாகப் பந்து வெளியே போனபின் இன்னொரு வேலை இருக்கிறது. பங்கர் ஓரத்தில் ஒரு வாரி கிடக்கும். அதை எடுத்து, தான் மிதித்த தடம், வெட்டிய பள்ளம் எல்லாவற்றையும் சமன் செய்துவிட்டுத்தான் நகர வேண்டும். பின்னால் வருகிறவனின் பந்து நம் காலடிப் பள்ளத்தில் போய் உட்காரக் கூடாது. நம் ஊரில் பலர் இதைத் தம்பியிடம் விட்டுவிட்டு முன்னே நடந்துவிடுகிறார்கள். நான் வாரியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். எத்தனை அதிகமாகச் சொதப்பினோமோ அத்தனை அதிகம் வார வேண்டியிருக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் அழகு. வாரி முடிக்கிற நேரத்துக்குள் மூச்சும் சமனாகிவிடுகிறது. நன்றாக ஆடு என்று அந்த நேரத்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாரு என்றுதான் கேட்கிறார்கள். அது என்னால் முடியும்.

இதை நான் கோல்ஃபில் கற்றேன் என்று சொன்னால் பாதி பொய். மீதிப் பாதி ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பார்த்தது. எலியட்ஸ் கடற்கரையின் வடக்குக் கோடியில் இருக்கிறது இந்த மீனவர் குப்பம். அதையும் தாண்டி நடந்தால் அடையாறு முகத்துவாரமும் உடைந்த பாலமும். ஃபைபர் போட்டுகள் கரையேறிய பின் மணலில் உட்கார்ந்து வலை பிரிப்பார்கள். மீன் பட்ட நாளில் அந்த வேலையில் கை தானாக ஓடும், பேச்சும் சிரிப்புமாக இருக்கும். மீன்பாடு இல்லாத நாளில் போய்ப் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு ஆறு கடலுக்குள் தள்ளிய குப்பையெல்லாம் வலையில் இருக்கும். பிளாஸ்டிக் பை, ஒற்றைச் செருப்பு, துணிக் கிழிசல். நடுநடுவே சொறி என்கிற ஜெல்லிமீன், பட்ட இடம் எரியும். விலைக்குப் போகிற பொருள் ஒன்றும் இல்லாத அந்த வலையைக் கண் கண்ணாகப் பிரித்து, கிழிந்த இடத்தில் நைலான் நூல் கோத்த ஊசியை விட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

என் வயசுக்காரர் ஒருவர் அங்கே உண்டு. ஒருநாள் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், விசனமா கீறீங்க?” என்றார். சொன்னேன். சிரித்தார். “பந்து காணாப்பூட்டா கடையில வேற வாங்கிக்கலாம் சார். குச்சி வச்சித் தட்டறதுக்கு இவ்ளோ விசனமா?”

ஒன்றுமே படாத வலையை ஏன் இவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறீர்கள், நாளைக்குச் செய்யக்கூடாதா என்று கேட்டேன். “நாளைக்கு மீன் வரும். இந்த ஓட்டை வழியாப் பூடும்” என்றார். தலை நிமிரவில்லை.

கோல்ஃப் உலகமும் கெட்ட நாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2020-ல் உலகம் முழுக்க ஒரே மாதிரியாகக் கொண்டுவந்த ஹேண்டிகேப் முறைப்படி, ஒருவரின் திறமையை அளக்கக் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். மீதி 12 ஒதுக்கப்படும். சுமாரும் படுமோசமும் மனுஷனுக்குச் சகஜம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது! ஆனால் அந்தப் பன்னிரண்டு அட்டைகளையும் கொடுத்தே ஆகவேண்டும். மறைத்தவனுக்கு மரியாதை இல்லை. கடலில் இப்படி ஒதுக்கித்தள்ள யாரும் இல்லை. எண்ணெய்ச் செலவு போக மிஞ்சினால்தான் போட்டுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு. மிஞ்சாத நாளில் எண்ணெய்க் கடன் மட்டும் மறுநாளுக்கு ஏறும். ஆகவே என் கஷ்டத்தையும் அவர் கஷ்டத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியவில்லை. கைக்கு வேலை இருப்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது வராமல் இல்லை. 2011 ஏப்ரலில் அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸில் ரோரி மெக்கில்ராய் கடைசி நாளை நாலு அடி முன்னிலையில் தொடங்கினார். வயது 21. பத்தாவது குழியில் பந்து இடப்பக்கம் மரங்களுக்குள் இருந்த வீடுகளின் அருகே போய் விழுந்தது. நாலில் முடிக்க வேண்டிய குழியில் ஏழு. பன்னிரண்டாவதில் பந்தைக் குழிக்குள் தள்ள நாலு தட்டு. அன்றைய மொத்தம் 80. உலகமே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சக் குழிகளையும் ஆடி முடித்தார். அடுத்த போட்டிக்கு மலேசியா போக விமானம் ஏறினால், அன்று ஜெயித்த சார்ல் ஷ்வார்ட்ஸலும் அதிலேயே, மாஸ்டர்ஸில் ஜெயித்தவருக்குப் போடும் பச்சைக் கோட்டோடு. இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவருடைய வெற்றிகளைவிட அந்தப் படம் பெரிதாகத் தோன்றுகிறது. இரண்டே மாதத்தில் அமெரிக்க ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். அகஸ்டாவின் பச்சைக் கோட்டுக்கு மட்டும் 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வது என்பதிலும் எனக்குக் கறாரான கொள்கை உண்டு. பதினெட்டுக் குழிகளின் கதையையும் மனைவியிடம் சொல்லக் கூடாது. அவர் என்ன பாவம் செய்தார்? குப்பத்திலோ கெட்ட நாளின் பாரம் அப்படியே வீட்டுப் பெண்கள் தலையில்தான் இறங்குகிறது. கரையில் மீன் இல்லையென்றால் இருட்டோடு எழுந்து காசிமேடோ சிந்தாதிரிப்பேட்டையோ போய், முதல் போட்டு மீன் எடுத்து வந்து, பெசன்ட் நகர்த் தெருக்களில் உட்கார்ந்து விற்கிறார்கள். அந்த முதலும் பல நேரம் வட்டிக்கு வாங்கியது. எங்கள் தெருமுனைக்கு வரும் அம்மாவிடம் நான் பேரம் பேசுவதே இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எங்கள் வீட்டில் மீன் வாங்குவது நான் இல்லை.