வளர்த்த செலவு

மோலியேரின் 'மனைவியருக்கான பள்ளி' என்னும் நகைச்சுவை நாடகம் 1662 டிசம்பரில் பாரிஸில் அரங்கேறியது. சிரிப்பதற்காகவே அதைக் கையில் எடுத்தோம். ஐந்தாம் அங்கத்தில் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆர்னோல்ஃபுக்கு வயது 42. நான்கு வயதுச் சிறுமியாக ஓர் ஏழைத் தாயிடமிருந்து பெற்ற ஆக்னஸை, பின்னாளில் தாமே மணப்பதற்காக வளர்க்கிறார். அறிவுள்ள பெண் ஏமாற்றிவிடுவாள் என்ற அச்சத்தால், ஒன்றும் அறியாதவளாகவே இருக்கட்டும் என்று கன்னியர் மடத்தில் விடுகிறார். பிறகு, மனைவியின் கடமைகளை வரிசைப்படுத்திய ஏட்டை அவள் வாயாலேயே படிக்கச் செய்கிறார். கணவனின் கடமைகளுக்கு ஏடு எதுவும் இல்லை! (அதே ஆண்டில் தம்மினும் மிக இளையவரான ஒருவரை மணந்திருந்த மோலியேரே இவ்வேடத்தில் நடித்தார்.)

ஒரேஸ் என்னும் இளைஞனை அவள் விரும்புகிறாள். அவனைக் கல்லால் அடித்து விரட்டச் சொன்னால், கல்லோடு கடிதத்தையும் சேர்த்து எறிகிறாள். ஒருநாள் அவனை நம்பி வீட்டைவிட்டே வந்துவிடுகிறாள். அவ்வேளையில் ஒரேஸ் தேடுவது அவள் பெயருக்குக் களங்கம் நேராத ஓர் இடத்தை. ஆர்னோல்ஃபே அவளுடைய காவலர் என்பதை அறியாமல் அவரிடமே ஒப்படைக்கிறான் என்பது வேறு கதை.

ஆர்னோல்ஃப் அவளிடம் முதலில் நினைவூட்டுவது தாம் வளர்த்த பாட்டையும் செலவையும்தான். அதைக் கடைசிக் காசுவரை ஒரேஸ் திருப்பித் தந்துவிடுவார் என்கிறாள் ஆக்னஸ். பிறகு கெஞ்சுகிறார், அழட்டுமா, தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளட்டுமா என்கிறார், உன் விருப்பப்படியே நடந்துகொள்ளலாம் என்றுகூட வாக்களிக்கிறார். அவள் மனம் இளகவில்லை. உடனே, மடத்தில் அடைத்துவிடுவேன் என்கிறார். கெஞ்சலுக்கும் மிரட்டலுக்கும் இடையே அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூடத் தேவைப்படவில்லை. அவர் அதுவரை அன்பென்று சொல்லிக்கொண்டது எதுவென்று அங்கே தெரிந்துவிடுகிறது.

எங்கள் மகள் சென்ற ஆண்டு ஒரு வரனை வேண்டாம் என்றாள். நிக்காஹ்வுக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர்; வற்புறுத்தவும் இல்லை. ஆனால், "உன்னைப் படிக்கவைக்க எவ்வளவு செலவழித்தோம் தெரியுமா?" என்று எங்களில் ஒருவர் கேட்டோம். மற்றவர் தடுக்கவில்லை. அவள் பதில் பேசாமல் எழுந்து சென்றாள்.

புத்தகத்தை மூடியபின் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லை எப்படித் திரும்பப் பெறுவது என்று அவளிடமே கேட்க எழுந்தோம்.