வீரபாகு என்ன ஆனார்?

சென்ற மாதம் பெரம்பலூரில் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேருடன் உட்கார்ந்து மடிக்கணினியில் 'ராஜா ஹரிச்சந்திரா' பார்த்தோம். தாதாசாகேப் பால்கே எடுத்த மௌனப்படம். 1913 மே 3 அன்று பம்பாய் கரோனேஷன் அரங்கில் வெளியானது. முழுப்படம் இன்று யாரிடமும் இல்லை. நான்கு ரீல்களில் முதலும் கடைசியும்தான் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவையும் 1917இல் பால்கேவே மறுபடி எடுத்த படத்தின் துண்டுகள் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு.

தொடக்கத்தில் அரசன் மகனுக்கு வில்வித்தை கற்றுத் தருகிறான், வேட்டைக்குப் போகிறான், விசுவாமித்திரரின் கோபத்தில் மாட்டுகிறான். முடிவில் மனைவியை வெட்ட வாளை ஓங்குகிறான், சிவன் தோன்றுகிறார். நம் சந்திரமதிக்கு அங்கே தாராமதி என்று பெயர். நடிக்கப் பெண் யாரும் கிடைக்காததால் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த அண்ணா சாளுங்கே என்கிற ஆணுக்குப் புடவை கட்டிவிட்டார் பால்கே. பசங்க சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பி.கே. ரோசியைப் பற்றிச் சொன்னேன். திருவனந்தபுரத்தில் ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் அவர். திரைமீது கல் விழுந்தது, அவர் ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. பால்கே படத்தில் பாதியாவது மிஞ்சியது. ரோசி நடித்ததில் ஒரு அடி பிலிம்கூட இல்லை.

சரி, ஹரிச்சந்திராவுக்கு வருவோம். வேட்டைக்கும் வாளுக்கும் இடையே கதையில் எவ்வளவோ நடக்கிறது. நாடு போகிறது, குடும்பம் விலைக்குப் போகிறது, அரசன் வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடுகாடு காக்கிறான். இதை யாரும் நமக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நம் பக்கத்துச் சுடுகாடுகளின் வாசலில் அரிச்சந்திரன் கல் நிற்கிறது. பாடையை அங்கே இறக்கி வைப்பார்கள். அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெட்டியானாக இருந்த என் பெரியப்பா அந்தக் கல் முன்னால் நின்று பாடுவார். பாட்டு முடிந்தால்தான் பாடை உள்ளே போகும். கால்பணமும் முழத்துண்டும் வீரபாகுவுக்கு, வாய்க்கரிசி அரிச்சந்திரனுக்கு என்பது கதையில் உள்ள கணக்கு. பெரியப்பாவுக்குக் கிடைத்த கணக்கு ஊர் மனசைப் பொறுத்தது.

மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருப்பார். ஜப்பானில் அவரை பென்ஷி என்பார்கள்; நடிகர்களுக்கு நிகரான புகழ் அவருக்கு. அன்று பெரம்பலூரில் அந்த வேலையை நான் பார்த்தேன். பெரியப்பா பாடக் கேட்டதை வைத்துக் காணாமல் போன இரண்டு ரீலையும் சொல்லி முடித்தேன்.

கடைசி ரீலும் ஓடி முடிந்தது. செத்த பிள்ளை எழுந்துவிட்டான், நாடும் திரும்பிவிட்டது. கடைசி வரிசையில் இருந்த பெண் கேட்டாள்:

"அண்ணே, ராசா வீட்டுக்குப் போயிட்டாரு. வீரபாகு என்ன ஆனாரு?"

நானும் அதுவரை யோசித்ததில்லை. மார்க்கண்டேய புராணத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அரசனை விலைக்கு வாங்கிய சண்டாளன் சண்டாளனே இல்லையாம், வேடமிட்டு வந்த தருமதேவனாம். அரசனை அடிமையாக வைத்திருக்கும் உரிமை கதையில்கூட நிஜமான ஒரு வெட்டியானுக்குக் கிடையாது! காந்தி சிறுவயதில் இந்த நாடகத்தைப் பார்த்து உருகியதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் அழுதது அரசன் பட்ட பாட்டுக்கு. அரசனுக்குச் சுடுகாட்டு வேலை சோதனை. சோதனை முடிந்ததும் தேவர்கள் வந்து கூட்டிப் போவார்கள். என் பெரியப்பாவைக் கூட்டிப் போக யாரும் வரவில்லை.

இத்தனைக்கும், செத்தவர்களை வழியனுப்பி வைத்த நம் ஆட்களின் பிணத்துக்கே வழி கிடைப்பதில்லை. 2019இல் வாணியம்பாடி அருகே பாதை மறுக்கப்பட்டு, தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது முழுதாகவே இருக்கிறது, எந்த ரீலும் தொலையவில்லை.

அந்தப் பெண் ஏன் கேட்டாள் என்பது டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. அவள் அப்பா ஊரில் குழி வெட்டியவர், இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடும் அண்ணனிடம் ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது. "உங்கப்பன் செஞ்சதுதானே, நீ செய்யாம வேற எவன் செய்வான்?" என்றிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் அம்மாவைக் காட்டு வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் சொல்வது ஒன்றுதான்: ஊருக்கெல்லாம் பொதுவான வேலை என்றால் பஞ்சாயத்து ஆள் போடட்டும், சம்பளம் தரட்டும், எந்தத் தெருவிலிருந்து வேண்டுமானாலும் ஆள் எடுக்கட்டும்.

அதை மனுவாக எழுதினோம். எழுதியது அவள்தான், நான் இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.