தறி போக மிச்சம் உள்ள இடம்

மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தபோது என் முதல் கவலை மருந்தும் அல்ல, பத்தியமும் அல்ல. அவளை எங்கே படுக்க வைப்பது?

ஆரணியில் எங்கள் வீடு 10 அடி அகலம், 20 அடி நீளம். அதில் பாதி தறிக்கு. புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டு இப்படிப்பட்ட வீடுகளில்தான் பிறக்கிறது. குழித்தறியாதலால், நெய்கிறவர் காலை விட்டு மிதிக்கத் தரையில் ஒரு பள்ளம். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அந்தப் பக்கம் பரண் கட்டவும் வழியில்லை. பாவு நீட்டுவதை விடிகாலையில் தெருவிலேயே வைத்துக்கொள்வோம். தெருதான் எங்களுக்குப் பாதி வீடு!

“ஆறு மாசத்துக்குத் தறியைப் பிரிச்சு வெச்சிடலாமே அக்கா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இவர் அப்போது வாயே திறக்கவில்லை. இரவில்தான், “பாவுல மூணு சேலை. ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. பிரிச்சிட்டா சோத்துக்கு என்ன பண்றது?” என்றார். நியாயந்தானே?

மறுநாள் டேப்பை எடுத்து நானே வீட்டை அளந்தேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது தறியல்ல, நான்தான்! ஓட்டைக் குடம், கைப்பிடி போன வாணலி, ‘எதுக்காவது ஆகும்’ என்று சேர்த்த டப்பாக்கள். எல்லாம் பழைய பாத்திரக்காரரிடம் போயின. அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டாவைப் போட மட்டும் மனசு வரவில்லை. அதில் அரிசியைக் கொட்டி, மேலே பலகை போட்டு, மளிகை டின்களை அடுக்கிவிட்டேன்.

அடுத்தது அடுப்பு. முன்பு ஒரு தடவை தாளிக்கிறபோது எண்ணெய் தெறித்து, இளம் ரோஜா நிறச் சேலையில் புள்ளி விழுந்து, கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும், சோம்பல். இப்போது பின்பக்கம் தகரம் இறக்கி, காஸ் அடுப்பை அங்கே கொண்டுபோனோம். தாளிக்கிற புகை பட்டுக்கும் ஆகாது, பச்சைக் குழந்தைக்கும் ஆகாது.

அடுப்பு இருந்த மூலை, ஜன்னலோடு மகளுக்குக் கிடைத்தது. கயிற்றுக் கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, கீழே டிரங்குப் பெட்டியைத் தள்ளினேன். ஐப்பசி மழையில் தரை ஓதம் காக்கும் வீடு இது. பிள்ளை பெற்றவளைப் பாயில் கிடத்த முடியுமா? இருட்டில் அவள் கால் தவறிவிடக் கூடாதென்று, தறி ஓடாத நேரத்தில் பள்ளத்தைப் பலகையால் மூடுகிறோம். அதையொட்டித்தான் என் பாய்.

தூளியை இவரே விட்டத்தின் மறுகோடியில் கட்டினார். தறிச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்வானே என்று பயந்தேன். விழித்துக்கொள்கிறான்தான், சத்தம் நிற்கும்போது! தாத்தா சாப்பிட எழுந்தாலே வீல் என்கிறான். “இன்னும் ரெண்டு விரக்கடை நெய்ஞ்சுட்டு வரேன்” என்று இவர் மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். சோறுதான் ஆறிப்போகிறது.