ஒரு டிவிக்கு இருநூறு சட்டை

திருநெல்வேலி டவுனில் சித்தப்பாவின் தையல் கடை சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மூடிவிடும். ஒரு உஷா மிஷின், வெட்டுவதற்கு ஒரு மேஜை, காஜா எடுக்க ஒரு பையன்; அவ்வளவுதான் கடை. தீபாவளி நெருங்கினால் மற்ற தையற்காரர்கள் விடிய விடிய மிஷின் மிதிப்பார்கள். சித்தப்பாவோ, தன் கைக்கு அடங்கும் துணி சேர்ந்ததும் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டையைத் தொங்கவிட்டுவிடுவார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அவரோடு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவேன். குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவர் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குப் போய்விடுவார். சித்தப்பா கழுத்தில் டேப்போடு அப்படியே வந்துவிடுகிறவர். வெள்ளம் வடிந்தபின், தூணில் தண்ணீர் ஏறிய தடத்தை அந்த டேப்பாலேயே அளந்து பார்ப்பார். அடுத்த வருஷத் தடத்தோடு ஒப்பிட வேண்டுமாம்.

சில நாள் சைக்கிள் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குத் திரும்பும். முன்கம்பியில் நான். வண்ணார்பேட்டை பக்கம் சுலோச்சன முதலியார் பாலம் வரும். 1843இல் அவர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. “பாலம் அவரு காசு. புஸ்தகம் நாம வீட்டு வரியோட கட்டுத நூலக வரிக்காசு. ஆறு யாரு காசுமில்ல. பொறவு நமக்கு என்னலே குறை?” என்பார். நூலகத்தில் வாரப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

வீட்டில் பீரோ கிடையாது. நாலு வேட்டி, நாலு சட்டைக்குக் கொடியே போதும். கடையில் மிஞ்சிய வெட்டுத் துணியெல்லாம் சித்தி கையில் தலையணை உறையாகவும் பையாகவும் கால்மிதியாகவும் மாறும். ராத்திரி பழைய சோறும் சுண்டவத்தலும் என்றாலும் திண்ணையில் பேச்சு பத்து மணி வரை நீளும்.

1987இல் தூர்தர்ஷனில் ‘ராமாயண்’ தொடங்கியதும் தெருவில் வீட்டுக்கு வீடு ஆன்டெனா முளைத்தது. தவணைக்குத் தருகிறார்களே என்று சித்தியும் கேட்டாள். சித்தப்பா விலையை ரூபாயில் பார்க்கவில்லை. “இருநூறு சட்டைக்கு மேல தைக்கணும். அத்தனையும் நாலு மணிக்குப் பொறவு தைக்கணும். டிவி வந்துரும், அதைப் பாக்க நான் இருக்க மாட்டேன்” என்றார். சித்தி பதில் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். சித்தப்பா காய் நறுக்கி, உலை வைத்துக் காத்திருந்தார்.

அவர் போன பிறகு ஒருநாள் சித்தியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “டிவி வாங்கலைங்கது எனக்குக் குறைதான், இல்லேங்கல. ஆனா அந்தி நேரத்துல ஆம்பளை வீட்டுல இருந்தது இந்தத் தெருவுலயே நம்ம வீட்டுலதாம்டே” என்றாள்.